தாம்பாளத்துக்கு ஏத்த லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவளுக்கு மெஷினைத் தொறக்குறது பெரிய வேலை இல்லை, வாயைத் தொறக்காம இருக்கிறதுதான் பெரிய வேலை. தேனியில பதினாலு வருசமா இந்தக் கடையை நடத்துறேன். மெக்கானிக்கும் நான்தான், முதலாளியும் நான்தான், காலையில வாசல் கூட்டித் தண்ணி தெளிக்கிறதும் நான்தான். உங்கள்ல யாராவது இதே தொழில்ல இருந்தா, இதைப் படிச்சுட்டு ஒரு பெருமூச்சு விடுங்க. வேற தொழிலா இருந்தாலும் விடலாம், தப்பில்லை. எல்லாக் கடை மேசைக்கு முன்னாடியும் இதே சனம்தானே வந்து நிக்குது! ஒரே ஒரு குட்டி லேப்டாப் என்னைப் படுத்தின பாட்டை மட்டும் சொல்றேன், மிச்சத்தை நீங்களே ஊகிச்சுக்கங்க.

அளவெடுக்க வந்தவரு

பண்ணைப்புரத்துப் பாண்டி கடைக்குள்ள வரும்போது கையில பெரிய பித்தளைத் தாம்பாளம் இருந்துச்சு. பாத்திரக் கடைக்குப் போறவரு வழி தப்பி வந்துட்டாருன்னு நெனச்சேன். "யக்கா, இதுல நிக்கிற மாதிரி ஒரு லேப்டாப் குடுங்க"ன்னாரு. தங்கச்சி கௌமாரியை ஜெயமங்கலத்துல கட்டிக் குடுத்திருக்காக. அவ மகனுக்கு வீரபாண்டியில மொட்டை எடுத்துக் காதுகுத்து. இவரு தாய்மாமன். பட்டு, பழம், நகையெல்லாம் எல்லாரும் வைக்கிறதுதானாம். தங்கச்சி கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை, அதனால மேளத்தோட போற சீர்த்தட்டு வரிசையில லேப்டாப்பும் ஒரு தட்டா போகணுமாம்.

நல்ல மனசுன்னு நானும் சந்தோசப்பட்டு, பதினஞ்சு இஞ்சுல ஓரளவு உழைக்கிற மெஷின் ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். தாம்பாளத்துல வச்சுப் பாத்தாரு. நாலு மூலையும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. "தேங்கா, வெத்தலையெல்லாம் எங்கன வைக்கிறது?"ன்னு என்னையவே கேட்டாரு. அந்த நேரம் பாத்து, கண்ணாடி அலமாரி மூலையில கெடந்த பதினோரு இஞ்சுக் குட்டி மெஷின் அவரு கண்ணுல பட்டுருச்சு. இருக்கிறதுலயே விலை கம்மி. தட்டுல வச்சதும் அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துக்கிச்சு.

தம்பி, அது சும்மா படம் பாக்கத்தான் ஆகும், வேலைக்கு ஆகாது, ராம் ரெண்டு ஜிபிதான், ஒரு நேரத்துல ரெண்டு வேலை குடுத்தா மூச்சு வாங்கும்னு தலைகீழா நின்னு சொன்னேன். பாண்டி தேங்காய்க்கு எடம் இருக்கான்னு கையால அளந்துக்கிட்டே சொன்னாரு: "உள்ள என்ன இருக்குன்னு யாருக்கா பாக்கப் போறாக? தட்டுல நிக்கணும்ல!"

வித்தது நான்தான். அதனால இதுக்கப்புறம் நடந்த எல்லாத்துலயும் எனக்கும் பங்கு உண்டு.

தங்கச்சி வந்தா

மூணு வாரம் கழிச்சு கௌமாரி வந்தா. இடுப்புல பிள்ளை, தோள்ல அந்த மெஷின். மூடி மேல மஞ்சளும் குங்குமமும் காஞ்சு போய் ஒட்டியிருந்துச்சு. "யக்கா, பட்டனை அமுக்கிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, வாய் கழுவிவிட்டு வந்தா அப்பத்தான் தொறந்திருக்கு"ன்னா. போட்டுப் பாத்தேன். எடமெல்லாம் நெறஞ்சு, மூச்சு முட்டிக் கெடந்துச்சு.

பொறுமையா விசாரிச்சேன். கலியாணத்துக்கு முன்னாடி இருந்தே கோயம்புத்தூர்ல வேலை பாத்த பிள்ளை, பேறுகாலத்துக்கு வந்தது. புருசன் வீட்டுத் தோட்டத்துக் கிணறு வத்திப் போய் ரெண்டு வருசமாச்சு, இவ சம்பளம் வந்தாத்தான் வீடு ஓடும். இப்ப ஒரு கம்பெனி, வீட்டுல இருந்தே பாக்குற மாதிரி வேலை தர்றோம்னு சொல்லியிருக்கு. வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. அதையும் வீட்டுல உக்காந்துதான் எழுதணும், மெஷின்ல நாலு ஜிபி ராம் இருக்கணும். பாஸ் ஆனா பிள்ளையோட இருக்கலாம். இல்லைன்னா பழைய வேலைக்கு, கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு. பிள்ளை இங்கன, ஆத்தா அங்கன. சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தப் பய என் ஸ்க்ரூடிரைவரை வாயில வச்சு நல்லாச் சப்பிக்கிட்டிருந்தான்.

"தாயி, இதை நானே எடுத்துக்கிறேன், வேற மாத்தித் தர்றேன். அது பிடிக்கலையா, பரீட்சைக்கு மட்டும் என் மெஷினை இரவலாக் கொண்டு போ"ன்னேன். அவ பதறிப் போயிட்டா: "அய்யய்யோ, வேற மெஷினை விரிச்சு வச்சு உக்காந்தா, அண்ணன் சீரு என்னாச்சுன்னு ஊரே கேக்கும்க்கா! எங்கண்ணன் தாங்காது."

ரம்பம்

கௌமாரி மெஷினை என்கிட்டயே விட்டுட்டுப் போயிருந்தா. மறுநாள் அவ மாமனார் சிவனாண்டி ஐயா வந்தாக. வெள்ளை வேட்டி, கக்கத்துல மஞ்சப்பை. கடையை ஒரு சுத்துப் பாத்துட்டு, "மெக்கானிக்கு எப்பத்தா வருவாரு?"ன்னாக. நான்தான் மெக்கானிக்குன்னேன். அப்படியான்னு ஒரு பார்வை. சரி, பழகிப் போச்சு எனக்கு.

ராம் வேணுமாமே, வாங்கிட்டு வந்துட்டேன்னு மஞ்சப்பைக்குள்ள இருந்து ஒண்ணை எடுத்து நீட்டினாக. பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கிற நீட்டு ராம். யாரோ உறவுக்காரர் வீட்டுல பரண்ல கெடந்த கம்ப்யூட்டர்ல பிடுங்கினதாம். மெஷினைத் தொறந்து காட்டினேன். "ஐயா, இதுல ராமைச் சொருகுற எடமே இல்ல. போர்டோட சேத்துப் பத்தவச்சு அனுப்பிச்சிருக்கான். கழட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது." அவுக கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாக. அஞ்சு எச்பி மோட்டாரை எடுத்துட்டு ஏழரை எச்பி எறக்கினது, ஆழ்குழாயை இன்னும் நூறடி எறக்கினது எல்லாத்தையும் எனக்குச் சொன்னாக. அதெல்லாம் முடியுமாம், இது முடியாதாம், இது என்ன ஊருல இல்லாத மெஷினாம். கடைசியில அந்த ராமை மெஷின் மேல வச்சு அளந்து பாத்துட்டுச் சொன்னாக: "நீளந்தானத்தா பிரச்சினை? ரம்பம் வச்சுக் கொஞ்சம் அறுத்துவிட்டாப் போச்சு!"

ரோஷம்

சீரா வந்த லேப்டாப் ரிப்பேர் கடையில கெடக்குதுன்னு யாரோ ஒரு புண்ணியவான் பண்ணைப்புரம் வரைக்கும் கொண்டு போய்ச் சேத்துட்டான். மறுநாள் பாண்டி புல்லட்டுல வந்து எறங்கினாரு. முகம் செவந்து கெடந்துச்சு. "என் சீரைக் கொறை சொன்னாகளாமே, யாருக்கா சொன்னது?" யாரும் சொல்லலை தம்பி, மெஷின்தான் சொல்லுதுன்னேன். எடுபடலை.

தங்கச்சி பரீட்சை, பிள்ளை, கோயம்புத்தூரு எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். கோவம் பொசுக்குன்னு எறங்கிருச்சு, உக்காந்துட்டாரு. பாவமாத்தான் இருந்துச்சு. தங்கச்சின்னா உசுரு அவருக்கு. சரி, இந்தத் தடவை கேப்பாருன்னு நம்பி, "அப்ப மாத்திருவோமா தம்பி?"ன்னேன். வந்துச்சு பாருங்க பதிலு! அது காதுகுத்து ஆல்பத்துல இருக்காம். வீடியோவுல இருக்காம். ஜெயமங்கலத்துல வச்ச பிளக்ஸ்ல, அவரு போட்டோவுக்குப் பக்கத்துல தட்டோட நிக்குதாம். எவ்வளவு செலவானாலும் அவரு பாத்துக்குவாராம். ஆனா ஒரே ஒரு நிபந்தனை: "மெஷினு அதே மெஷினா இருக்கணும்க்கா, ஓட்டம் மட்டும் வேற மெஷினா இருக்கணும்."

பஸ்ஸுல வந்த போர்டு

அவரு போனதுக்கப்பறம்தான் எனக்கு உறைச்சுச்சு. அட, இவரு சொல்றதுல விசயம் இருக்கே! இதே உடம்புல நாலு ஜிபி போர்டு போட்டும் அந்த லேப்டாப் கம்பெனிக்காரன் விக்கிறான். மதுரையில பழைய லேப்டாப்பைப் பிரிச்சு விக்கிற ஒருத்தருக்குப் போன் போட்டேன். டிஸ்ப்ளே ஒடஞ்ச ஒண்ணு அவருகிட்ட இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல பார்சல் வந்து எறங்குச்சு. உள்ள இருக்கிறதை மொத்தமா எடுத்துட்டு இதை வைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன்.

புதன்கிழமை மதியம், கௌமாரி, அவ மாமனார், பாண்டி மூணு பேரும் மேசையைச் சுத்தி நாற்காலி போட்டு உக்காந்துட்டாக. ஆப்பரேசன் தியேட்டர்ல கூட இவ்வளவு கூட்டம் விடமாட்டாக. மூடியை நான் மாத்திரக் கூடாதுன்னு, குங்குமம் ஒட்டின எடத்துல பாண்டி ஒரு விரலை வச்சுக்கிட்டே இருந்தாரு. "தம்பி, கையை எடுங்க, ஸ்க்ரூ கழட்டணும்"னு நாலு தடவை சொன்னேன். போர்டு மாத்தி, எல்லாத்தையும் ஏத்தி, பட்டனை அமுக்கினேன். இருபது எண்றதுக்குள்ள தொறந்துருச்சு. கௌமாரி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்த நேரத்தைக் கெடுக்கிற மாதிரி சிவனாண்டி ஐயா தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டாக: "எடமே இல்ல, எடமே இல்லன்னு எங்கள இத்தன நாளு அலையவிட்டியேத்தா, இப்ப மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?"

பத்து மணிக்குப் பதினஞ்சு நிமிசம்

வியாழக்கிழமை காலையில ஒன்பதே முக்காலுக்குப் போன். கௌமாரி அழுதுக்கிட்டே பேசுனா. "யக்கா, கேமராவுல நான் தெரியவே இல்ல, ஒரே இருட்டு. மூஞ்சி தெரியாட்டி பரீட்சைக்குள்ள விடமாட்டேங்கிறாக!" எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மதுரைக்காரன் கேமராவுக்குப் போற ஒயரைக் கெடுத்துட்டானா, நான்தான் சரியாச் சொருகலையா? அதைத் தொறம்மா, இதை அமுக்கும்மா, அணைச்சுட்டுப் போடும்மான்னு போன்லயே பாடம் எடுத்தேன். பத்து நிமிசம் போயிருச்சு. பிள்ளை அழுகுற சத்தம் வேற. இந்தப் பிள்ளை பொழப்பு என் கையாலயா கெடணும்?

கடைசியில, "தாயி, மெஷினை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு"ன்னேன். வந்துச்சு. திரைக்கு மேல, நட்ட நடுவுல, கேமராக் கண்ணுல, கனமாச் சந்தனம். அதுக்கு மேல குங்குமம். நல்ல காரியத்துக்குப் போற மெஷினாச்சேன்னு மாமனார் காலையில குளிச்சு முழுகி, சாமி கும்பிட்டு வச்ச பொட்டு! "தொடைச்சு விடு தாயி, சீக்கிரம்!"னு நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் கடைக்காரரு எட்டிப் பாத்தாரு. முந்தானையை நனைச்சுத் தொடைச்சா. மூஞ்சி தெரிஞ்சுச்சு. பத்துக்கு ஒரு நிமிசம் இருக்கும்போது உள்ள விட்டுட்டாக. அவ போனை வைக்கிறதுக்குள்ள, பக்கத்துல இருந்து சிவனாண்டி ஐயா குரல் நல்லாக் கேட்டுச்சு: "நெத்திப் பொட்டை நடு நெத்தியில வைக்காம வேற எங்கனத்தா வைக்கிறது?"

கூரியர்

பத்து நாள் கழிச்சு கௌமாரி வந்தா. கூடவே அந்தப் பய. கடைக்குள்ள வந்ததும் நேரா ஸ்க்ரூடிரைவர் இருக்கிற எடத்துக்குத் தவழ்ந்து போனான். அவ முகத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. "பாஸ்க்கா! திங்கக்கிழமையில இருந்து வேலை. இவனை விட்டுட்டு எங்கயும் போக வேணாம்க்கா"ன்னு சொல்லிட்டு, என் தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதா. நானும் அழுதேன், அதுல என்ன வெக்கம்? மாமனார் பஸ் ஸ்டாண்டு பூரா முட்டாய் குடுத்தாகளாம். பாண்டி தனக்குத்தானே ஒரு பிளக்ஸ் வைக்கப் பாத்தாராம், இவதான் தடுத்தாளாம்.

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, தொழில்காரப் புத்தி விடுமா, "மெஷின் நல்லா ஓடுதா தாயி? வேலைக்குத் தாங்கும், பயப்படாத"ன்னேன். அவ கொஞ்சம் தயங்கினா. கையில இருந்த பையைப் பின்னாடி மறைச்சா. அப்பறம் மெதுவா வெளிய எடுத்தா. பளபளன்னு பெரிய கறுப்பு லேப்டாப்பு, கம்பெனி ஸ்டிக்கரோட. சேந்தவுகளுக்கெல்லாம் கம்பெனியே கூரியர்ல அனுப்பிருதாம், இதுலதான் வேலை பாக்கணுமாம், வேற எதுலயும் பாக்கக் கூடாதாம். அப்ப நான் மதுரையில இருந்து போர்டு வரவழைச்சு, மூணு பேரு முன்னாடி வேர்க்க வேர்க்க மாட்டினது? அது எங்கன்னு கேட்டேன். கௌமாரி சிரிச்சுக்கிட்டே சொன்னா: "பீரோவுல பட்டுச்சேலைக்கு நடுவுல வச்சுப் பூட்டியாச்சுக்கா, சீரா வந்த பொருளைத் தெனம் எடுத்துப் பொழங்குனா தேஞ்சு போகும்ல!"

பதினாலு வருசத்துல நான் கைவச்ச மெஷின்லயே நல்லா ஓடுற மெஷின் அது ஒண்ணுதான், அது ஓடவே இல்லை.