சித்தப்பாவின் குரல்

என் சித்தப்பா ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மாஸ்டர். வாரம் ஒரு சாதாரணச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர்களை நடித்தே புரியவைப்பார். குளிரைக் குறிக்கும் 'கோல்ட்' வாரத்தில் முன்பெஞ்சுப் பையனுக்கு வெடுக்கென்று தோளைத் திருப்பி, "இதாண்டா கோல்ட் ஷோல்டர். கண்டும் காணாத மாதிரி ஒதுக்குறது!" என்பார். அடுத்த நொடியே திரும்பிச் சிரித்துவிடுவார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அவருக்குக் குரல் எழும்பவே இல்லை. வேலை போய்விடும் என்று வீடே இடிந்துபோயிருந்தது. அவர் குரலில் பேசி வம்பிழுப்பது என் வழக்கம். சித்திதான் கேட்டாள்: "சும்மா கிண்டல் பண்ணுவியே, இப்போ அவருக்காகப் பேசேன்டா."

திங்கட்கிழமை அவர் நடிக்க, பக்கத்தில் நின்று நான் பேசினேன். "கோல்ட் ஃபீட்னா கால் ஜில்லுனு ஆகறதில்லடா மண்டு! கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறது!" அதே கரகரப்பு, அதே செருமல். வகுப்பே கைதட்டியது.

முடிந்ததும் சென்டர் ஓனர், சித்தப்பா எதிரிலேயே சொன்னார்: "தம்பி, அச்சு அசலா இருக்கு. நாளையிலேருந்து நீ மட்டும் வந்தா போதும். சார் வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

"அதெல்லாம் முடியாது சார்!" என்றேன். பதற்றத்தில் அதுவும் சித்தப்பா குரலிலேயே வந்துவிட்டது. ஓனர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் சித்தப்பா வெடுக்கென்று தோளைத் திருப்பிக்கொண்டார். இப்போது திரும்பிச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். எங்கள் ஸ்டாப் வரைக்கும் அவர் திரும்பவே இல்லை.