செருப்பு வைத்துச் சொன்ன தீர்ப்பு

நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது கால் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். கிளட்ச் மிதிக்கிற கால், அதனால் அதுதான் சீக்கிரம் தேயும். என் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் அந்த ஜோடி ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடந்ததும், பக்கத்தில் என் மூத்த டிரைவர் வெறுங்காலோடு நின்றதும் இன்றைக்கும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சைக்கிள் கேரியரில் தண்ணீர்க் கேன் கட்டி, லாட்ஜ் லாட்ஜாகப் போட்டு ஆரம்பித்தேன். ஒன்பது குட்டியானை வண்டிகள் ஓடும் அளவுக்கு வந்தேன். கிரிவலப் பாதையில் என் கேன் இறங்காத கடை கிடையாது. யார் தயவும் இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் இதைச் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். அதையும்விட எனக்குப் பெருமை, விபத்தை விசாரிக்கிற என் முறை. வண்டி எங்கேயாவது இடித்துவிட்டு வந்தால் எல்லா டிரைவர்களையும் சுற்றி நிற்க வைப்பேன். இடித்தவர் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரு செருப்பு நம் வண்டி, இன்னொன்று எதிரே வந்தது. எப்படி வந்தது, எங்கே திரும்பியது என்று தரையில் நகர்த்திக் காட்ட வேண்டும். வாய் பொய் சொல்லும். செருப்பை நகர்த்துகிற கை தடுமாறிவிடும். "தப்பு யாரு மேலன்னு போலீசு பாத்துக்கட்டும். நீ தவிர்த்திருக்கலாமா, முடியாதா? அத மட்டும் சொல்லு" என்பேன். எதிரில் வந்தவன் குடித்துவிட்டே வந்திருக்கட்டும், நீ முன்னாலேயே வேகத்தைக் குறைத்திருந்தால் தப்பியிருக்கும் என்றால் அது உன் தலையில்தான். பின்னால் எடுக்கும்போது இடித்தால் பேச்சே கிடையாது, இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். ஓரமாக நின்ற வண்டியில் பஸ் வந்து மோதியபோது, "இதுல நீ இன்னா பண்ணுவ, செருப்ப மாட்டிகினு போ" என்று விட்டதும் உண்டு. ஒருநாள் இதை வேடிக்கை பார்த்த ஏட்டு ஒருவர், "நீ மட்டும் படிச்சிருந்தா ஜட்ஜுதான்யா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பல வருஷம் சுமந்துகொண்டு திரிந்தேன்.

என்னிடம் இரண்டு சட்டங்கள். வண்டி ஓட்டும்போது ஃபோனில் பேசக் கூடாது. நான் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டும் என்பது, ஊர் விபத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை. வேங்கிக்காலில் ஒரு டீக்கடையில், புதிதாகப் பழகிய காண்ட்ராக்டர் ஒருவரிடம் என் ஆட்களின் ஒழுங்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "சும்மா சொல்றீங்க. எங்க ஆளுங்க பத்து வாட்டி அடிச்சாலும் எடுக்க மாட்டானுங்க." "இப்பப் பாருங்க" என்று ஸ்பீக்கரில் போட்டு மூத்த டிரைவரைக் கூப்பிட்டேன். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வேலையும் இல்லை. முதல் மணி முடிவதற்குள், "சொல்லுங்க மொதலாளி" என்றது குரல். நான் காண்ட்ராக்டரைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினேன். அதற்குள் ஃபோனில் கேன்கள் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒருவருடைய அலறல்.

அடி அண்ணாமலை வளைவில், கீரைக்கட்டோடு சைக்கிளில் வந்த பெரியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நல்லவேளை, பிறகு தேறிவிட்டார். பதினோரு வருஷத்தில் அந்த டிரைவர் என் முன்னால் செருப்பைக் கழற்றியது அன்றுதான். குந்தி உட்கார்ந்து, கை தடுமாறாமல் நகர்த்தினார். "சைக்கிள் இப்பிடித் திரும்புச்சு. நான் பாக்கல. ஃபோன எடுத்தேன்" என்றார். "யாருண்ணா கூப்ட்டது?" என்று இன்னொரு டிரைவர் கேட்டார். அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த செருப்பைப் பார்த்தேன். "வூட்லேர்ந்து" என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. "புருஷன் வண்டில இருக்கற நேரத்துல உப்பு இல்ல, புளி இல்லன்னு ஃபோன் போட்டா இப்பிடித்தான் ஆவும்" என்று ஒரு பாட்டம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தவிர்த்திருக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம், ஃபோனில் ஒரு அழைப்பை மட்டும் எப்படி அழிப்பது என்று பேத்தியிடம் கேட்டேன். பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதுவும் தெரியாத நான் ஒரே தடவையில் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் மனைவி ஷெட்டுக்கு வந்தார். தன் ஃபோனை என் முன்னால் நீட்டினார். "அன்னிக்கு நான் கூப்புடவே இல்லீங்க. நீங்களே பாருங்க. ஒரு மனுசன் கைய ஒடச்சவள்னு தெருவே என்னத்தான் சொல்லுது. மாமியார் எங்கிட்ட பேசறதே இல்ல." நான் ஃபோனை வாங்கவில்லை. "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்.

நான்கு வருஷம் ஆயிற்று. இப்போது தொழிலை என் மகன் பார்க்கிறான். செருப்பு விசாரணை இல்லை; விபத்து நடந்தால் காகிதம் நிரப்புகிறார்கள். போன மாதம் அப்படி ஒன்றைப் படித்துக் காட்டினான். ஃபோன் பேசினாரா என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, கூப்பிட்டது யார் என்று இன்னொரு கட்டம். என் தரையில் இரண்டு செருப்புக்குத்தான் இடம் வைத்திருந்தேன்.

மறுநாள் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவர் அங்கே ஒரு மல்லாக்கொட்டை மண்டிக்கு வண்டி ஓட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். "வாங்க மொதலாளி" என்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அவர் மனைவியைப் பார்த்து, "அன்னிக்கு ஃபோன் போட்டது நான்தாம்மா" என்றேன்.

"தெரியுங்க" என்றார் அவர் மனைவி. "அன்னிக்கே இவர் சொல்லிட்டார். தெரிஞ்சுதான் ஷெட்டுக்கு வந்தேன். ஒரு வார்த்த சொல்லுவீங்களான்னு பாத்தேன்." தண்ணீர்ச் சொம்பை என் பக்கத்தில் வைத்தார். "எங்க மாமியாருக்குத்தான் தெரியாது. நான் சொன்னா நம்பல. இவர் சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறான்னாங்க. நீங்க வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. தை மாசம் போய்ச் சேந்துட்டாங்க."

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். டிரைவரின் செருப்பு வாசலில் சுவரோரமாக, ஜோடி பிசகாமல் இருந்தது. வந்த அவசரத்தில் நான் கழற்றிவிட்டது அதன் மேல் ஏறிக் குறுக்காகக் கிடந்தது. எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், எது வந்து எதன்மேல் மோதியது என்று.