திருத்தணி பஸ்ஸை விட்டவர்கள்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, திருப்பதியில் நான் அலுவலகத்தில் இருந்தபோது பள்ளி வேன் டிரைவர் போன் செய்தார். "சார், பாப்பா வேன்ல ஏறல. நீங்க கூட்டிக்கினு போயிட்டீங்களா?"

நான் போகவே இல்லை. மனைவி தொலைவில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலையில் இருந்தாள். பள்ளிக்கு ஓடினேன். மகளுடைய தோழிகள் யார், அவர்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் டீச்சர். ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை. சோளிங்கரிலிருந்து குடிவந்து எட்டு மாதம். மார்க் நன்றாக வந்தது, டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று அதை வைத்தே முடிவு செய்திருந்தேன்.

தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் குரல்.

"உங்க பொண்ணு எங்ககூடத்தான் கீது சார். பஸ் ஸ்டாண்டுல, திருத்தணி பஸ் நிக்கிற எடம். பயப்படாம வாங்க."

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு கணவன் மனைவி. நடுவில் என் மகள், லட்டு தின்றபடி. அங்கே போனால் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்கள் என்று பள்ளியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். "நைனா டிக்கெட் வாங்கப் போயிருக்காரு" என்று என்னைச் சொன்னாளாம். மலையிலிருந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? பஸ் வந்தும் நைனா வராததால் அந்த அம்மா ஏற மறுத்து, மெல்லப் பேசி என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

எங்களால் அவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பெருமாளுக்கு முடிய குடுத்தோம், உங்க பொண்ணுக்கு பஸ்ஸ குடுத்தோம். அவ்ளோதான்" என்று சிரித்தார் கணவர்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று மகளைக் கேட்டேன். "எல்லாரும் தெலுங்குல வேகமா பேசுறாங்க நைனா. நான் யோசிச்சு சொல்றதுக்குள்ள வெளயாட்டே மாறிடுது."

அடுத்த பஸ் வந்தது. ஏறும்போது அந்த அம்மா திரும்பி, "வந்ததுலேர்ந்து வாய் மூடல சார் இது. வூட்ல இது பேசறத யாரு கேக்கறீங்க?" என்றார்.

அமைதியான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தவன் நான். இப்போது மகளிடம் மார்க்கை விசாரிப்பதில்லை, இன்று யாரோடு விளையாடினாய் என்றுதான் கேட்கிறேன். அவள் ஒரு பெயர் சொல்லும் நாளெல்லாம், பெயர் கேட்டுக்கொள்ளாமலே அனுப்பிவிட்ட அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.