ஒரு மீனுக்கான பெட்டி

வீதியோரப் புல்லில் அந்தப் பழைய ஃபிரிட்ஜ் மல்லாக்கக் கிடந்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நகரசபை லொறி வந்து வீட்டுப் பெருங்கழிவுகளை ஏற்றிப்போகும் வாரம் அது. ஒக்லாந்து நகரத்தின் பாபடோயிட்டோயில் எங்கள் தெரு முழுவதும் உடைந்த கட்டில்களும் கிழிந்த சோபாக்களும் வாசல்களுக்கு முன்னால் கிடந்தன. எங்கள் வாசலில் கிடந்த பொருளின் உட்புறம் மட்டும் தார் பூசியதுபோலக் கறுத்திருந்தது. நடந்து போகிறவர்கள் குனிந்து பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார்கள். அத்தான் ஜன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, லொறி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாத காற்சட்டை, சட்டைப்பையில் எப்போதும் பேனை. அவர் குசினிக்குள் போய் நான் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் விறாந்தையில் இருந்தபடிதான் கேட்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒக்லாந்துக்கு வந்து, ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அந்த மனிதருக்கும் நெருப்புக்கும் பழக்கம் ஏற்பட்டது. அவருடைய ஃபோர்மன் ஒரு சமோவாக்காரர். ஒருநாள் மதிய இடைவேளையில் தான் வீட்டில் புகையூட்டிய மீனில் ஒரு துண்டை அத்தானுக்குக் கொடுத்திருக்கிறார். அன்று மாலை அத்தான் சப்பாத்தைக் கழற்றாமலே அக்காவிடம் வந்து, "இஞ்சரும், இந்த நாட்டிலயும் ஒரு நல்ல சாமான் இருக்குது" என்றார். அதுவரை இந்த நாட்டைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் அப்போது அவர்களுடைய வீட்டின் பின்னறையில் இருந்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆங்கிலம் விளங்கும், ஆனால் வாயில் வராது. தமிழிலும் நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. யாரோ தெருவில் போட்டிருந்த அந்த ஃபிரிட்ஜை, மீனுக்குப் புகையூட்ட, அத்தானும் நானும்தான் தூக்கி வந்தோம். உள்ளே இருந்த பிளாஸ்டிக்கையெல்லாம் பிய்த்தெறிந்து, மேலே துளை போட்டு ஒரு குழாயைச் செருகினோம். அடியில் ஒரு மின்சார அடுப்பை வைத்து, அதன்மேல் மானுக்கா மரத்தூள் போட்ட தாச்சிச் சட்டியை வைத்தோம். முதல்நாள் கிளம்பிய புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மதுரைக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "சார், ஏதோ தீயிற மாதிரி இருக்கே, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். "கூப்பிடுங்கோ, அவையளுக்கும் ஒரு துண்டு குடுப்பம்" என்றார் அத்தான்.

கஹவாய் என்றொரு மீன். கறுத்த தசை, நல்ல எண்ணெய். அத்தான் அதை முதுகுப்பக்கமாகப் பிளந்து, செதிலை எடுக்காமல் புத்தகம்போல விரித்து வைப்பார். உப்பும் மண்ணிறச் சீனியும் தடவி, அக்கா வறுத்திடித்த மிளகாய்த்தூளில் ஒரு சிட்டிகையும் போடுவார். மீனின் மேல்தோல் காற்றில் உலர்ந்து விரலில் ஒட்டும் பதம் வந்தபிறகுதான் உள்ளே வைப்பார். சனிக்கிழமைகளில் எங்கள் உடுப்பு, தலைமயிர், கதவுத்திரை எல்லாம் அந்தப் புகைதான் மணக்கும்.

எங்கள் வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகுதான் அக்கா சாப்பிடுவாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. அம்மா அப்படி இருந்தாள், அக்காவும் அப்படியே இருந்தாள். அந்த ஃபிரிட்ஜின் முன்னால் மட்டும் வழக்கம் மாறிவிடும். அத்தான் கதவைத் திறந்து, செவுளுக்குக் கீழே இருக்கும் கொழுத்த துண்டைப் பிய்த்து, ஊதி ஆற்றி, வேறு யாருக்கும் முதல் அக்காவிடம் நீட்டுவார். ஈரப் புல்லில் நின்றபடி, பிள்ளைகள் பார்க்காதவாறு வேலிப்பக்கம் திரும்பி அக்கா அதைத் தின்பாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல அத்தான் அவளுடைய முகத்தைப் பார்ப்பார். "உப்பு?" என்பார். "காணும், அளவாத்தான் இருக்கு" என்பாள். "இனிப்பு?" "கொஞ்சம் கூடிப்போச்சு." அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கும். அவர்கள் இருவரும் அன்பாக ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அந்த வேளையில் நான் உடுப்புக் காயும் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அத்தானுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. ஒருமுறை வெட்டினார்கள். பிறகு, இனி வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம் எங்கள் சனங்கள் வாடகை மண்டபத்தில் கூடி நடத்தும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அக்கா போய்வந்தாள். அடுத்தநாள் உடுப்புக் காயப்போடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவர் எழும்பி வேலைக்குப் போகுமட்டும் மீன், இறைச்சி வாயில வைக்கமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்துபோட்டன். அவருக்குச் சொல்லிப்போடாத."

எங்கள் சனங்களுக்குள் இது புதிதில்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் இன்னொருவர் ஏதாவது ஒன்றை விடுவார்கள். நோய் மாறியதும் பொங்கிப் படைத்து நேர்த்தியை முடிப்பார்கள். நோயாளி எழும்பாவிட்டால் என்ன செய்வது என்று நேரும்போது யாரும் நினைப்பதில்லை. அதை நினைப்பதே பாவம் என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

அத்தான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு மீன் சொதி வைத்துக் கொடுத்துவிட்டு, அக்கா பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்தாள். மீன் இல்லாமல் சோறு இறங்காத பெண் அவள். "நான் எழும்பாட்டி?" என்று அத்தான் கேட்டார். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஃபிரிட்ஜைத் தெருவுக்குக் கொண்டுபோகச் சொன்னது அத்தான்தான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மழைக்காலத்தில் அதன் அடித்தகடு துருப்பிடித்து இற்றுவிட்டது. தாச்சி வைக்க இடமில்லை. லொறி அதை ஏற்றிப்போனதும், "சனிக்கிழமை ஹென்டர்சனுக்குப் போவம். புதுசு ஒண்டு எடுக்கவேணும்" என்றார். அங்கே தூண்டில் சாமான் விற்கும் கடையொன்றில் புகைப்பெட்டிகள் இருப்பதாக ஃபோர்மன் சொல்லியிருந்தாராம். "இப்ப என்னத்துக்கு அது?" என்று அக்கா கேட்டாள். 

நான் காரை ஓட்டினேன். சீட் பெல்ட் ஒப்பரேஷன் காயத்தில் அழுத்தாமலிருக்க அத்தான் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்து வைத்திருந்தார். மோட்டர்வேயில் ஏறியதும் சொன்னார்.

"ஐயரோட ஃபோனில கதைச்சனான்."

"என்னவாம்?"

"நேர்த்தியை விடலாமாம். மோதகம் அவிச்சுப் படைச்சு, மன்னிப்புக் கேட்டாக் காணுமாம். பிள்ளையார் அப்பிடிக் கோவிக்கிற ஆளில்லையாம்."

"அக்கா கேப்பாவோ?"

"வாயால சொன்னாக் கேக்கமாட்டா. மணம் வந்தாக் கேப்பா. நான் இருக்கேக்க அவ ஒரு வாய் திண்டிடவேணும், தம்பி. இல்லாட்டி அந்த நேர்த்தி முடியவே முடியாது. சாகுமட்டும் பருப்போடதான் இருப்பா."

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். நல்ல மனிதர். உயரமான இரும்பு அலுமாரி போன்ற ஒன்றை முதலில் காட்டினார். அடுக்கடுக்காகத் தட்டுகள், கதவில் வெப்பமானி. அதன் பக்கத்தில் தட்டிப் பார்த்து, இதை வாங்கினால் உங்கள் காலம் முழுவதும் இன்னொன்று தேவைப்படாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தான் தலையணையை அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு விளங்கியிருந்தும் என் பக்கம் திரும்பி, "கேட்டியே? என்ர காலம் முழுக்கக் காணுமாம். அதுக்கு ஒரு கடதாசிப் பெட்டியே காணும்" என்றார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

நான் அந்தப் பெரியதைத்தான் எடுக்க விரும்பினேன். கடைகளில் வாயே திறக்காத நான் அன்று திறந்தேன். "அத்தான், இதை எடுப்பம். கிறிஸ்மஸுக்கு உங்கட வேலையாக்கள் எல்லாரையும் கூப்பிடலாம்" என்றேன்.

"ஆருக்கடா பெரிசு? நீ தனிய நிண்டு ஊருக்கெல்லாம் மீன் போடப்போறியோ?"

தரையோடு இருந்த கீழ்த்தட்டில் ஒரு சின்னத் தகரப்பெட்டி இருந்தது. அடியில் மரத்தூள் தூவி, மேலே கம்பித்தட்டை வைத்து, மூடியைப் போட்டுவிட வேண்டியதுதான். கீழே இரண்டு கிண்ணங்களில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தினால் அது எரிந்து முடிய மீனும் வெந்துவிடும். விரித்த மீன் ஒன்று கொள்ளும், அவ்வளவுதான். அத்தான் குனிந்து அதன் பிடியைப் பிடித்தார். தூக்க முடியவில்லை. என்னைத் தூக்கச் சொன்னார். ஒரு கையால் தூக்கினேன்.

"அக்கா தூக்குவாவோ?"

"தூக்குவா."

"தனிய?"

கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்காரர் எங்களுக்குக் கதைக்க இடம்விட்டுத் தள்ளிப் போயிருந்தார். "தனியத் தூக்குவா" என்றேன். அத்தான் தன் சட்டைக் கையால் மூடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். "அப்ப இது காணும்" என்றார். வரும்போது பெட்டியைப் பின் சீட்டில் வைக்க விடவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை வெயிலாக இருந்தது. போர்வையைச் சுற்றி அவரைக் கதிரையில் இருத்தினேன். வேலையை நான் செய்தேன், அவர் சொல்லிக்கொண்டிருந்தார். புகை மூடியின் விளிம்பால் கசியத் தொடங்கியதும் "மணக்குதோ?" என்று கேட்டார். மணக்குது என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார். ஸ்பிரிட் எரிந்து அணைந்ததும் நான் மூடியைத் திறந்தேன். அவரே கையை நீட்டி, செவுளுக்குக் கீழே இருந்த துண்டைப் பிய்த்தார். ஊதுவதற்கு மூச்சு வரவில்லை. கையை ஆட்டி ஆட்டி ஆற்றினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இந்தாரும். ஐயர் விடலாம் எண்டு சொல்லிப்போட்டார்."

"ஐயரிட்டயோ நான் நேர்ந்தனான்?"

"அப்ப பிள்ளையாரிட்ட நானே நேரில சொல்லிறன். கன நாளில்லை, போனவுடன சொல்லிறன்."

அக்கா சிரிக்கவில்லை. "எழும்பி நிண்டு தாங்கோ. நிண்டு தந்தா இப்பவே திண்டு காட்டிறன்" என்றாள்.

கோபத்தில் சொன்னாளோ, பிள்ளையாரோடு பேரம் பேசினாளோ, எனக்குத் தெரியாது. அவள் தின்றுவிட்டால் தன் காரியம் முடிந்தது என்று அத்தான் நினைத்தார். தின்றுவிட்டால் அவருடைய உயிரைத் தானே விட்டுக்கொடுத்தது ஆகிவிடும் என்று அக்கா நினைத்தாள். அத்தான் மீன்துண்டை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையைக் கதிரைப்பிடியில் ஊன்றினார். உடம்பு கொஞ்சம் கிளம்பித் திரும்பவும் விழுந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொருமுறை ஊன்றினார். நான் பிடிக்கப் போனேன். "விடு" என்றார். மூன்றாம்முறை அவர் ஊன்றும்போது அக்கா, "காணும், காணும், இருங்கோ" என்று கத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

துண்டு அவருடைய கையிலேயே ஆறிப்போனது. வெகுநேரம் கழித்து அதை என்னிடம் நீட்டினார். தின்றேன். "உப்பு?" என்றார். "காணும்" என்றேன்.

குளிர்காலம் தொடங்குவதற்கு முதலே அத்தான் போய்விட்டார்.

எட்டாம் நாள் செலவு என்று எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. இறந்தவர் விரும்பித் தின்ற மீன், இறைச்சி எல்லாம் சமைத்து, இலை போட்டு, விளக்கேற்றிப் படைப்பார்கள். பிறகு வீட்டில் எல்லோரும் அதில் தின்பார்கள். அன்று காலை அக்கா அந்தத் தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். நான் உதவிக்குப் போனபோது வேண்டாமென்று தலையாட்டினாள். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். உப்பு, சீனி, மீன் உலரும் பதம் எதுவும் பிசகவில்லை. படைத்து முடிந்து, ஃபோர்மனும் மனைவியும் எங்களோடு நிலத்தில் பாயில் இருந்து தின்றார்கள். தன்னுடையதைவிட இது திறம் என்று சொல்லி அந்தப் பெரிய மனிதர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

வந்திருந்த பெண்களில் வயதான ஒருவர் மீனில் ஒரு துண்டை எடுத்து அக்காவின் வாயருகே கொண்டுபோனார். "இனி என்ன பிள்ளை நேர்த்தி? எல்லாம் முடிஞ்சுதுதானே. வாயில வை" என்றார்.

"அவர் எழும்பேல்லையே, மாமி" என்றாள் அக்கா.

அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

அத்தானுக்கு அன்றிருந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன். அக்கா தன் மகளோடு, ஒக்லாந்தின் இன்னொரு பகுதியான த்ரீ கிங்ஸில் இருக்கிறாள். பிள்ளைகள் தங்கள் சிநேகிதர்களிடம், எங்கள் அம்மா சைவம், அதனால்தான் இந்த வயதிலும் இவ்வளவு சுகமாக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்கு வேறொன்றும் தெரியாது. அக்கா திருத்துவதுமில்லை, நானும் சொன்னதில்லை. ஞாயிறுகளில் நான் போனால் குசினி மேசையில் இருவருமாகச் சாப்பிடுவோம். மகளின் வீட்டுத் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு பின்வளவில் பளபளவென்று பெரிய புகைப்பெட்டிகள் நிற்கின்றன. சில நாட்களில் மானுக்காப் புகையும் மீன் மணமும் சேர்ந்து உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று முதல்முறை கேட்டேன். வேண்டாம் என்றாள். அந்தக் காற்று கடந்து போகும்வரை அவளுடைய கை பருப்புச் சோற்றில் அப்படியே நிற்கும். பிறகு குழைத்துத் தின்னத் தொடங்குவாள்.