தபால்காரி

ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் தபால்காரி. மூன்றாம் மாடியிலிருந்து கீழே எங்கள் லேபுக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது இறங்கி வருவார். லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. நான் இங்கே முடிவைத் தட்டினால் அடுத்த நொடி வார்டுத் திரையில் தெரியும். ஆனாலும் முழங்கால் வலியோடு படியிறங்கி என் மேசை முன்னால் நின்று, "நாலாம் பெட்காரருக்கு சர்க்கரை எவ்வளவு? வாயால சொல்லுங்க" என்பார். சொன்னால், "இன்னொரு தடவை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினெட்டு வருஷ சர்வீஸ். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் ஒருமுறை ரத்தம் கொடுக்க வந்தார். "வீட்டுலயும் இதே கதைதான் சார். அடுத்த ரூம்ல இருந்து கூப்பிட்டா பதில் வராது. எதிர்ல போய் நின்னாதான் பேச்சே" என்று புலம்பினார். அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. அந்த அம்மாள்மேல் வரவில்லை.

ஒருநாள் நான் ஒரு முடிவில் தசமப் புள்ளியை இடம் மாற்றித் தட்டிவிட்டேன். அந்த அம்மாள் கீழே வந்து, பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் எதிரிலேயே, "கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு வேலை பாருங்க" என்றார். தப்பு என்னுடையதுதான். அதனால்தான் கோபம் இரண்டு மடங்கானது. வேலைக்கு இடைஞ்சல் என்று நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: யாரும் அடுத்த பிரிவுக்கு நேரில் போகக்கூடாது, எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். அன்று லேபில் எல்லோருக்கும் நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் ஆண்கள் வார்டிலிருந்து ஒரு பஸ் டிரைவரின் ரத்தம் வந்தது. சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. எந்த நிமிஷமும் இதயம் நின்றுபோகலாம். பதினொன்றே காலுக்கு, அவசரம் என்று சிவப்பில் போட்டு அனுப்பினேன். உடனே 'பார்த்தாயிற்று' என்று பச்சை டிக் விழுந்தது. பார்த்திருந்தால் கால் மணி நேரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். வரவில்லை. அரை மணி ஆகியும் வரவில்லை. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குமேல்தான் எழுந்து மாடிக்கு ஓடினேன். வார்டு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் வழி கேட்டுத்தான் போனேன்.

நர்ஸ் மேசையில் ஆளில்லை. எங்கள் முடிவுகள் வரும் பக்கம் திரையில் திறந்தே கிடந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று, திரை அணையாமல் இருக்க ஒரு பொத்தானில் பேனா மூடியைச் செருகி வைத்திருந்தார்கள். பக்கம் திறந்திருந்தால் டிக் தானாக விழுந்துவிடும். யாருமே பார்க்கவில்லை.

"டிரைவருக்கு பொட்டாசியம் ஏழு புள்ளி ரெண்டு!" என்று கத்தினேன். அந்த அம்மாள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. "ஏழு புள்ளி ரெண்டு" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டார். ஊசி போட்டார்கள், இதயத்துடிப்பு காட்டும் மெஷினை மாட்டினார்கள். டிரைவரின் மனைவி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, "பிழைச்சுக்குவார்" என்றார் டாக்டர்.

அந்த அம்மாள் முதலில் பேனா மூடியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

"பதினொன்னே காலுக்கு."

"மேல வந்தப்போ பன்னிரண்டே கால். அந்த ஒரு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டிரைவரின் மனைவி என்னையே பார்த்தாள். பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"வாசலைப் பாத்துட்டிருந்தேன். எப்படியும் நீங்க இறங்கி வருவீங்கன்னு."

"வந்திருந்தா?"

"சுற்றறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பலாம்னு இருந்தேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.