மடங்கிய மூன்று விரல்கள்

ஆமத்தூர் சங்கிலிமுத்துவின் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. உடன் இருந்த சோலைச்சாமி வீடு திரும்பவில்லை. சங்கிலிமுத்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு அதே கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள்.

மகள் சினேகாவுக்கு அப்போது ஒரு வயது. அவர் இரண்டு விரலால் சோறு அள்ளப் பழகிய நாட்களில்தான், எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிடப் பழகினாள்.

நாலு வயதில் பால்வாடியில் சேர்த்தார்கள். ஒரு நாள் டீச்சர், சினேகாவின் அம்மா மாரிசெல்வியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளைக்குக் கையில ஏதும் குறையா? மூணு வெரலையும் மடக்கிக்கிட்டே சாப்பிடுறா."

வீட்டுக்கு வந்ததும் மாரிசெல்வி மகளின் கையை விரித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"ஏன்டி வெரல மடக்குற?"

"அப்பா இப்படித்தானம்மா சாப்பிடுவாக."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவின் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். கை அவள் கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தார்.

ஐந்தாவது நாள் சினேகாவும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இங்கன ஏன் பாப்பா உக்காந்திருக்க?"

"நாம சாப்பிடுறத யாரும் பாக்கக் கூடாதுல்லப்பா."

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றுகூட அவர் அழுது மாரிசெல்வி பார்த்ததில்லை. இப்போது சோற்றுத் தட்டின் மேல் குனிந்து, தோள் குலுங்க அழுதார்.

"விடுங்க. சின்னப் பிள்ள, வளந்தா சரியாப் போகும்," என்றாள் மாரிசெல்வி.

"என்னையப் பாத்துத்தான வளருது. அவ முன்னால இனி நான் சாப்பிடல. நீ எதிர்ல உக்காந்து சாப்பிடு, உன் கையப் பாக்கட்டும்."

மறுநாளிலிருந்து இரண்டு டிபன் பாக்ஸ் கொண்டுபோனார். சாயங்காலம் கம்பெனி கேட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடை பெஞ்சில் ஏதாவது தின்றுகொள்வார். மூன்று மாதத்தில் சினேகாவின் விரல்கள் நிமிர்ந்துவிட்டன. டீச்சர் அதைச் சொன்ன அன்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வைகாசியில் மாரிசெல்வியின் அண்ணன் முனியராஜ் வீட்டில் காதுகுத்து. பந்தியில் அம்மா பக்கத்தில் சினேகா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்த இலை காலியாக இருந்தது.

"மாப்ள, ஏன் நிக்கிறீக? பிள்ள பக்கத்துல உக்காருங்க," என்றார் முனியராஜ்.

சங்கிலிமுத்து தயங்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் சினேகா நிமிர்ந்து சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு எங்ககூடச் சாப்பிடப் பிடிக்காது மாமா."

அதில் கோபமோ வருத்தமோ இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினாள்.

சங்கிலிமுத்து எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பந்தலை விட்டு வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றுகொண்டார். மாரிசெல்வி பாதிச் சாப்பாட்டில் எழுந்து அவரைத் தேடி வந்தாள். "வெரலு நிமிந்துருச்சு. நான் ஏன் தள்ளிப் போனேன்னுதான் அவளுக்குத் தெரியல," என்றார் அவளிடம்.