ஸ்கேன் எடுத்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலெடுத்து வைத்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. பன்றிக் காய்ச்சலைப் பற்றியே ஊர் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டு, ஸ்கேன் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் நான் இரண்டாம் வருஷம். அப்பா கல்பாக்கத்தை ஒட்டிய எங்கள் புதுப்பட்டினத்தில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை. காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல், நாலடி நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், நானும் அம்மாவும் அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனோம். சி.டி. ஸ்கேனின் மகிமையை நான் பஸ்ஸிலேயே பாட ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தொண்டையில் சளி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்த முடிவு வர நாளாகும், அதற்குள் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம் என்று அடுத்த தெருவிலிருந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்.

படிக்கிற பெண் என்பதால் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். அப்பாவின் கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்தார்.

"மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க" என்றது மைக்.

"யாருய்யா அது?" என்றார் அப்பா. பிடித்த மூச்சு போயிற்று. மறுபடி சொன்னார்கள். "பிடிச்சிட்டேன்" என்று பதில் சொன்னார். அதுவும் போயிற்று. மூன்றாம் முறைதான் படம் விழுந்தது.

திரையைப் பார்த்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது. நுரையீரல் இரண்டின் ஓரங்களிலும், ஆவி படிந்த கண்ணாடி மாதிரி வெள்ளைப் படலம்.

"ஒரே இடத்துல கெட்டியா இருந்தா வேற கிருமின்னு யோசிக்கலாம்" என்றார் படம் பார்க்கிற டாக்டர். "இது ரெண்டு பக்கமும் பரவியிருக்கு, வைரஸ் நிமோனியா மாதிரி தெரியுது. எந்த வைரஸ்னு ஸ்கேன் சொல்லாதும்மா. ஆனா இப்ப ஊர்ல ஃப்ளூதான் சுத்துது. சென்னை ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரியில சேர்த்து மாத்திரை, ஆக்ஸிஜன் ஆரம்பிக்கணும். இல்லேன்னா ராத்திரிக்குள்ளயே மூச்சு மோசமாயிடும்."

வெளியே ஓடிவந்தேன். அப்பாவும் அம்மாவும் காத்திருக்க வேண்டிய பெஞ்சு காலி. தெருவில் இரண்டு முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. "அப்பா!" என்று கத்தினேன். இருவரும் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். நடையைக் கூட்டினார்கள். ஓடிப்போய் முன்னால் நின்று மறித்தேன்.

"பின்னால நின்னு கூப்புடாதடி!" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "எடுத்த சீக்கு மறுபடி ஒட்டிக்கும்."

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் திருஷ்டி சுத்திப் போட்டால், உப்பும் மிளகாயும் முச்சந்தியில் விழுந்ததும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

"மூணு தபா உள்ள போயி வெளிய வந்தேன்" என்றார் அப்பா. "அது வட்டமா... என்னைச் சுத்திச்சு. தாயத்தையே கழட்டச் சொன்னாங்கன்னா... அதுக்கு எம்மாம் பவரு கீது பாரு."

"அது போட்டோப்பா! நோயைக் காட்டும், அவ்வளவுதான். வைத்தியமே இன்னும் ஆரம்பிக்கல."

"போட்டோ எடுக்க... ரூம்பு சைஸுக்கு மிஷினா? நீ படிச்ச மிஷினும்மா. வேலை செய்யாம பூடுமா? எனக்கு நல்லா கீது."

அவர் உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. நான் வைரஸ் என்றேன், ஆக்ஸிஜன் என்றேன். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். அப்பா என்னை விலக்கிவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எவ்ளோ?"

டிரைவர் ஒரு தொகை சொன்னார்.

"இன்னாயா..." என்று அப்பா ஆரம்பித்தார். அவ்வளவுதான் வந்தது. விரலை நீட்டி, "இன்னாயா இது..." என்றார். மறுபடி நின்றது. புதுப்பட்டினத்து ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒரு சண்டையை அவர் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

டிரைவருக்கும் அது பொறுக்கவில்லை. "இன்னா பெருசு, வாயைத் தொறந்துட்டு நிக்கற? கேளு, கொறச்சுக்கறேன்." பிறகுதான் உதட்டைக் கவனித்தார். "அடப்பாவி, இன்னாம்மா இது? மூச்சே இல்ல! ஏறுங்க, ஆஸ்பத்திரிக்கு."

"திரும்பக் கூடாதுப்பா!" என்று அம்மா அலறினாள். "இப்பதான் சுத்திப் போட்டுகினு வரோம்!"

"வண்டிதானம்மா திரும்புது? அவரு எங்க திரும்பறாரு? நைனா, நீ நேரா என் முதுகையே பாத்துகினு குந்து."

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். நியாயமாகப் பட்டது. ஏறி உட்கார்ந்தார். என் இரண்டு வருஷப் படிப்பால் ஆகாத காரியம்! எனக்கு ஆத்திரம், பயம், நன்றி எல்லாம் ஒன்றாக வந்தது. வார்டுக்குள் போகும்வரை அவர் கழுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை.

அன்றே ஆக்ஸிஜனும் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு ராத்திரியும் அம்மா கட்டில் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து பன்றிக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தபோது, அப்பா எழுந்து உட்கார்ந்து, இட்லி கல்லாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் ஸ்கேன் படத்தை உறையிலிருந்து உருவி பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாது அண்ணாத்த?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"என் நுரையீரல். எம்பொண்ணு படிக்கிற மிஷின் எடுத்தது. இதோ, நடுவுல வெள்ளையா கீது பாரு, அதான் சீக்கு."

அவர் தொட்டுக் காட்டியது இதயத்தை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வைரஸுக்குப் போய், மாத்திரைக்கு வந்து, இட்லியைத் திட்டி, மறுபடி படத்துக்கே வந்துவிட்டார். நடுவில் ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. கல்பாக்கம் வரைக்கும் இதயமே சீக்காக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.